பதினோரு வள்ளங்கள்

பூமி ஆடியது என்னவோ இருபது வினாடிதான். அதற்குப் பிறகு சின்னமடைத்துறையில் ஆடியதெல்லாம் மனிதர்கள்.

காலை பத்தே காலுக்கு வீட்டுக்குள் இருந்தவர்கள் வெளியே ஓடினார்கள். வெளியே வந்ததும் எல்லாருடைய கண்ணும் கடலுக்குத்தான் போனது. கடல் உள்வாங்குகிறதா என்று பார்க்க அந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். கடல் இரண்டடி ஏறி, கரையில் கிடந்த வலைகளை நனைத்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் இறங்கிக்கொண்டது. தப்பித்தோம் என்று ஊர் மூச்சு விடுவதற்குள் வடக்கே முத்தாரம்முனையில் அணுமின் நிலையத்துச் சங்கு ஊத ஆரம்பித்தது.

நிலம் ஆடினால் வீட்டை விட்டு வெளியே வா. கடல் பொங்கினால் மேட்டுக்கு ஓடு. உலை கெட்டால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்து. இந்த மூன்று பாடங்களையும் மூன்று இலாகாக்காரர்கள் மூன்று வருடங்களில் வந்து, ஆளுக்கு ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து நடத்திவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றும் ஒரே காலையில் வந்தால் என்ன செய்வது என்று எந்த இலாகாவும் சொல்லவில்லை. ஆகவே சனங்கள் மூன்றையும் மாறி மாறிச் செய்தார்கள். உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள், மேட்டைப் பார்த்து ஓடினார்கள், பாதி வழியில் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி ஓடிவந்தார்கள்.

லியோன் கடையில் கல்லுப்பு பத்தே நிமிடத்தில் தீர்ந்தது. உப்பில் இருக்கும் அயோடின் கதிர்வீச்சை முறித்துவிடும் என்று எவனோ புண்ணியவான் செல்போனில் அனுப்பியிருந்தான். கடல்தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த சனம் ஒரு படி உப்புக்காக அடித்துக்கொண்டது. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். கால் மணி நேரத்தில் அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள். மேட்டுப்பட்டி விலக்கில் அந்த ஊர் இளவட்டங்கள் உடைமுள்ளை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். “உங்க மேல தூசி ஒட்டியிருக்கும், இந்தப் பக்கம் வராதிய” என்றார்களாம். நேற்றுவரை இவர்கள் கொண்டுபோன மீனைப் பேரம் பேசி வாங்கித் தின்றவர்கள்தான்.

ஆனால் பாதி ஊருக்கு மேல் எங்கும் போகவில்லை. கடற்கரையில் போய் நின்றுகொண்டது. ஏனென்றால் பதினோரு வள்ளங்கள் கடலில் இருந்தன.

சின்னமடைத்துறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு வள்ளம் கடலில் இருந்தாலும் ஊர் காலியாகக் கூடாது. கல்யாண வீட்டுக்குப் பஸ் பிடித்துப் போவதானாலும், பாதிப் பேராவது கரையில் இருக்க வேண்டும். முன்னொரு காலத்தில் புயலுக்குப் பயந்து ஊர் மொத்தமும் மேட்டுக்குப் போய்விட்டது. அன்றைக்குக் கரை தேடி வந்த மூன்று வள்ளங்களுக்கு ஒரு பந்தம் காட்ட ஆளில்லை. மூன்றும் பாறையில் மோதி உடைந்தன. அதற்குப் பிறகு கோயிலில் வைத்து எல்லாரும் சத்தியம் பண்ணிய கட்டுப்பாடு அது. அரசாங்கம் மாறினாலும் அது மாறவில்லை.

வள்ளக் கணக்கைச் சொல்வது சலேத்மேரி. மீனவர் சங்கத்து அறையில் ஒரு மைக்கும் வயர்லெஸ் பெட்டியும் அவள் வசம் இருந்தன. காலையில் காற்று, அலை, நீரோட்டம் சொல்வாள். மத்தியானத்துக்கு மேல் கரைக்கு வந்த வள்ளங்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து, கடைசி வள்ளமும் வந்ததும், “எல்லாம் கரை சேர்ந்தது” என்று முடிப்பாள். அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் ஊர்ப்பெண்கள் சோற்றுப்பானையில் கை வைப்பார்கள். பதினேழு வருடமாக ஒருநாள்கூட அவள் கணக்கு பிசகியதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு; அதை மறைக்கவும் மாட்டாள்.

அன்று அவள் புருஷன் தொம்மையின் வள்ளமும் கடலில் இருந்தது. வயர்லெஸ்ஸில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் தட்டிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், கடைசியில் அதை விட்டுவிட்டு அவளும் கரைக்கு வந்துவிட்டாள்.

பதினொன்றரைக்குப் போலீஸ் முன்னே வர, முப்பது பஸ்கள் வந்து வரிசையாக நின்றன. டிரைவர்கள் மூக்கில் துணி கட்டியிருந்தார்கள். ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தார்களே தவிர, யாரும் ஏறவில்லை. ஒரு அதிகாரி ஒலிபெருக்கியில் கெஞ்சினார், அப்புறம் மிரட்டினார். ஊர்க்கமிட்டித் தலைவர் அந்திரேயாஸ் அவருக்கு ஒரே பதில்தான் சொன்னார்.

“வள்ளம் வரட்டும் சார். வந்தா நீங்க சொல்லாமலே ஏறுவோம்.”

அப்போதுதான் கோயில் கோபுரத்து ஒலிபெருக்கி கரகரத்தது. அதே நேரத்தில் எல்லாருடைய செல்போனும் அலறியது. எல்லாவற்றிலும் ஒரே குரல்.

“சின்னமடைத்துறை சனங்களுக்கு அறிவிப்பு. சங்குமுனைத் துறைமுகத்துல நம்ம வள்ளங்க ஒதுங்கியிருக்கு. அடைக்கலராஜ் வள்ளம். பவுலின் வள்ளம். தொம்மை வள்ளம். சில்வெஸ்தர் வள்ளம்…”

பதினோரு பெயர்களையும் வாசித்துவிட்டு, கடைசியில் லேசாகத் தொண்டையைச் செருமி, “எல்லாம் கரை சேர்ந்தது. இனி தாமதிக்காம பஸ்சுல ஏறுங்க” என்று முடித்தது. அது சலேத்மேரியின் குரல். செருமல்கூட அவளுடைய செருமல்தான். கூட்டத்தின் நடுவே வாயை இறுக மூடிக்கொண்டு நின்ற சலேத்மேரிக்கு மேலெல்லாம் புல்லரித்தது.

பக்கத்தில் நின்றவர்கள் யாரும் சந்தேகப்படவில்லை. காலைச் செய்தியைப் பலநாள் அவள் முன்கூட்டியே பதிந்து வைப்பதுண்டு. அப்படி ஏதோ என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் அழுதேவிட்டார். சலேத்மேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏலக்கொட்டகைக்குப் பின்னால் ஓடினாள். போனில் கோமதிநாயகத்தின் எண்ணைத் தேடினாள்.

கோமதிநாயகம் மாவட்டப் பேரிடர் அலுவலகத்தில் அதிகாரி. இரண்டு வருடத்துக்கு முன்னால் சங்கத்து அறையில் மூன்றுநாள் உட்கார்ந்து அவள் குரலைப் பதிந்துகொண்டு போனவர். ‘அண்டைக்குரல்’ என்று அந்த இயந்திரத்துக்குப் பெயர். ஆபத்து நேரத்தில் சனங்கள் அரசாங்கத்தை நம்பமாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் நம்புவார்கள்; அதனால் ஊர் ஊருக்கு யார் வார்த்தைக்கு மதிப்போ அவர் குரலில் அது பேசும் என்று அப்போது விளக்கியிருந்தார். “உண்மையைத்தான சார் பேசும்?” என்று அவள் கேட்டாள். “அதுக்குத்தானேம்மா உங்க குரல்” என்றார். ஒரு சால்வையும் போர்த்தினார்.

“சார், என் வாயில என்னத்தப் பேச வச்சிருக்கிய?”

“சலேத்தம்மா, நேரமில்ல. கேளுங்க.” அவருக்கு மூச்சு வாங்கியது. “உலை நின்னுட்டு. ஆனா அணைச்ச அடுப்புலயும் கங்கு இருக்கும்லா? அதை ஆத்துற தண்ணி சுத்தல. முனையில அலை பெருசா அடிச்சு, மாத்து ஜெனரேட்டர் அறைக்குள்ள கடல்தண்ணி ஏறிட்டு. இன்னும் முக்கால் மணி நேரத்துல உள்ள இருக்கிற ஆவியைத் திறந்து விட்டே ஆவணும். இல்லன்னா எல்லாம் வெடிச்சிரும். இன்னைக்குக் காத்து வாடை. நேரா உங்க கரைக்குத்தான் வரும்.”

“அதை அப்படியே சொல்ல வேண்டியதுதான? வள்ளம் வந்துச்சான்னு சொல்லுங்க.”

“ஒம்பது வந்துட்டு.”

“மத்தது?”

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“மத்த ரெண்டு யாரு சார்?”

“சில்வெஸ்தர்ன்னு ஒருத்தர் வள்ளம். இன்னொண்ணு…” நிறுத்தினார். “உங்க வீட்டுக்காரரோடதும்மா. தேடிக்கிட்டிருக்கோம்.”

அவள் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒம்பதுன்னு சொன்னா உங்க ஊரு நகராதுன்னு அது கணக்குப் போட்டுட்டு. பதினொண்ணுன்னு சொன்னா நகரும். நான் அதுக்குச் சொல்லிக் கொடுக்கலம்மா, சத்தியமா. ஆளைக் காப்பாத்துன்னு மட்டுந்தான் சொல்லியிருக்கோம். ஒருதடவ சொன்னதை அது மாத்தவும் செய்யாது. ஆளுக்கு ஒண்ணு சொன்னா நம்பிக்கை போயிரும்னு அதோட முதல் விதியே அதுதான். உங்களுக்குக்கூட ஒரு பொய்யை எழுதி என் முன்னால காட்டுது, தொம்மை வந்துட்டாருன்னு சொல்லச் சொல்லி. என்னால முடியல.”

“நான் இப்ப போய் இது என் பேச்சு இல்லன்னு சொன்னா?”

“ஆயிரத்தித் தொள்ளாயிரம் பேரும் கரையில நிப்பாங்க,” என்றார் கோமதிநாயகம். “ஆவி அவங்க மேல வந்து இறங்கும். உங்க இஷ்டம் அம்மா.”

இஷ்டமாம். சலேத்மேரிக்கு அந்த மனுஷரைப் பிடித்துக் கடலில் அமுக்க வேண்டும்போல் இருந்தது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள். எதிரே கிளாடிஸ் நின்றிருந்தாள். சில்வெஸ்தரின் மனைவி. கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, ஆறுமாத வயிறு. ஓடிவந்ததில் மூச்சிரைத்தது.

“எக்கா, போன்ல கேட்டேன். ஆனா எனக்கு மனசு ஆறல. உன் வாயால சொல்லு. வந்துட்டாவளா?”

நாலைந்து பெண்கள் பின்னாலேயே வந்துவிட்டார்கள். அந்திரேயாஸும் வந்தார். எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். பதினேழு வருடமாகப் பிசகாத வாய். தொம்மை வந்தால் கரையில் பந்தம் காட்ட ஆளிருக்காதே என்று ஒரு நினைப்பு நெஞ்சில் குத்தியது. கிளாடிஸின் வயிறு கண்ணில் பட்டது.

“வந்துட்டாவ, கிளாடிஸ்,” என்றாள் சலேத்மேரி. “உன் ஆளும் வந்துட்டாவ, என் ஆளும் வந்துட்டாவ. ஏறு பஸ்சுல.”

சொன்னால் மட்டும் போதாது என்பது அடுத்த நிமிடமே புரிந்தது. யாரும் முதல் பஸ்ஸில் கால் வைக்கவில்லை. கட்டுப்பாடு காலைக் கட்டியிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கணக்குச் சொல்கிறவள் கரையில் நின்றால் ஊரும் நிற்கும். அவள் தங்கிவிட நினைத்திருந்தாள். எல்லாரையும் ஏற்றிவிட்டுத் தொம்மைக்காகக் கரையிலேயே இருந்துவிடலாம் என்று. அதுவும் முடியாது என்று தெரிந்துபோனது. அவள் போய் முதல் பஸ்ஸில், முதல் ஆளாக, வெளியே நிற்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்படி சன்னலோரத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததோடு நிற்காமல், ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி, “வாங்க வாங்க, இடம் போயிரும்” என்று கூப்பிட்டாள். அதற்குப் பிறகு ஊர் ஏறியது. முப்பத்தைந்து நிமிடத்தில் சின்னமடைத்துறையில் கோழிகளும் நாய்களும்தான் மிஞ்சின.

பஸ் திரும்பும்போது அவள் கடலைப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுந்து ஓடிவிடுவோம் என்று பயமாக இருந்தது.

மேட்டுப்பட்டி விலக்கில் போலீஸ் முள்ளை அப்புறப்படுத்தியிருந்தது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள். எல்லாரையும் குளிக்கவைத்து, போட்டிருந்த துணியைப் பிடுங்கி, யாருக்கும் பொருந்தாத நைட்டியும் கைலியும் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே டீக்கடைக்காரர் இவர்களுக்கு மட்டும் காகிதக் கப்பில் டீ கொடுத்தார். கேட்டதற்கு, “ஒண்ணும் தப்பா நெனைக்காதிய” என்றார். தப்பாக நினைப்பதற்கு அதில் வேறென்ன இருந்தது என்று தெரியவில்லை.

மறுநாள் கோமதிநாயகம் வந்தார். ஒருநாளில் பத்து வயது கூடியவர்போல் இருந்தார். சலேத்மேரியைத் தனியே அழைத்து, ஆவியைத் திறந்துவிட்ட பிறகு கடற்கரை மணலில் அளந்த கதிர்வீச்சின் அளவைச் சொன்னார். அவள் அந்த எண்ணைக் கேட்டு ஒன்றும் விளங்காமல் விழித்தாள்.

“அங்க நின்னிருந்தா பாதிப் பேரு வாந்தி எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடப்பாங்கம்மா. வயித்துப்பிள்ளைக்காரிங்க கதி சொல்லவே வேண்டாம். நீங்க காப்பாத்திட்டிய.”

“என் வீட்டுக்காரர் எங்க சார்?”

“தேடுதோம்.”

அன்று மத்தியானம் முகாமில் சத்தம் கிளம்பியது. வள்ளம் கரை சேர்ந்ததென்றால் ஆம்பளைகள் ஏன் ஒரு போன்கூடப் பண்ணவில்லை? சங்குமுனையில் யாரையும் வெளியே விடவில்லை, கடலில் இருந்தவர்களின் போனையெல்லாம் கழுவிப் பரிசோதிக்க வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பெண்கள் நம்பவில்லை. ஐம்பது அறுபது பேர் வாசல் கேட்டைத் தள்ளினார்கள். நடந்தே ஊருக்குப் போகிறோம் என்றார்கள். முன்னால் நின்றவள் கிளாடிஸ்.

உடனே போன்கள் அடிக்கத் தொடங்கின. ஒவ்வொருத்திக்கும் அவளவள் புருஷனின் எண்ணிலிருந்து, அவனவன் குரலில். டீசல் மானியத்துக்காகப் போனில் ஏற்றிய செயலியில் ஊர் முழுக்க ‘சம்மதம்’ என்று தொட்டிருந்தது; எதற்குச் சம்மதம் என்று படித்துப் பார்த்தவர் யாரும் கிடையாது. அவர்கள் குரலெல்லாம் அண்டைக்குரலுக்குப் போய்ச் சேர்ந்தது அந்த வழியாகத்தான். கேட்டைத் தள்ளிய கூட்டம் ஆளுக்கொரு மூலையாக, காதில் போனை வைத்துக்கொண்டு கலைந்தது. சிலர் அழுதார்கள், சிலர் சண்டை போட்டார்கள்.

சலேத்மேரிக்கும் வந்தது. திரையில் தொம்மையின் பெயர்.

“ஏட்டி, சாப்பிட்டியா?” என்றது.

அவனேதான். அந்த ‘ஏட்டி’யில் இருக்கிற இழுப்புகூட அவனுடையதுதான். அது அவனில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வெட்ட மனசு வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், இரண்டு நிமிடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் ஓடியது. பிறகு கேட்டாள்.

“எத்தன வள்ளம் வந்துச்சு?”

“பதினொண்ணும் வந்துட்டுல்லா. நீ கவலப்படாத.”

அவள் போனை அணைத்தாள்.

மூன்றாம் நாள் காலை, கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது மறுபடி அடித்தது. தெரியாத எண். எடுத்தாள். இரைச்சலுக்கு நடுவே ஒரு கட்டைக்குரல்.

“சலேத்து, நான்தாம்ட்டி.”

எத்தனை தடவைதான் இது என்னைக் கொல்லும் என்று நினைத்தாள்.

“கேக்குதா? கோஸ்ட்கார்டு போன்ல பேசுதேன். எஞ்சின்ல தண்ணி ஏறிட்டு, ரெண்டு நாளு சும்மா மெதந்து கெடந்தோம். ராத்திரிதான் பாத்துக் கெட்டி இழுத்துட்டு வந்தாவ. தொண்டை போச்சு. உப்புத்தண்ணி…”

“எத்தன வள்ளம் வந்துச்சு?” என்றாள்.

“என்னட்டி, உசுரோட வந்திருக்கேன், கணக்கு கேக்க?”

“சொல்லுங்க. எத்தன?”

“பத்து,” என்றான் தொம்மை. “சில்வெஸ்தர் வள்ளம் போச்சு, சலேத்து. என் கண்ணு முன்னால அலை தூக்கிப் பாறையில அடிச்சுது. அஞ்சு பேருல ஒருத்தரும் மிஞ்சல. நாங்க கிட்ட போகப் பாத்தோம், முடியல. அந்தப் பிள்ளைகிட்ட என்னான்னு சொல்லப் போறேன்?”

பொய் சொல்லத் தெரிந்த குரல் பதினொன்று என்றுதான் சொல்லும். இவன் பத்து என்கிறான். ஆகவே இவன் தொம்மை. சலேத்மேரிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். கஞ்சித் தட்டு கையிலிருந்து விழுந்து, மாதாவே என்று வாய்விட்டுக் கத்தினாள். அந்தச் சத்தத்துக்கு வரிசையே திரும்பிப் பார்த்தது. சந்தோஷப்பட்ட அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் பின்னாளில் தன்னை மன்னிக்கவேயில்லை.

கிளாடிஸ் குழாயடியில் ஒரு குடத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். காதில் போன். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அது அவள் காதை விட்டு இறங்கவில்லை. சிரித்துக்கொண்டே சலேத்மேரியைக் கைகாட்டி அழைத்தாள்.

“எக்கா, இங்க வாயேன். மீனே சலிச்சுப் போச்சாம், வந்த உடனே கோழி அடிக்கணுமாம். பிள்ளைக்கு இப்பவே பேரு வேற சொல்லுதாவ.”

கிளாடிஸோடு இன்னும் நான்கு வீட்டுப் பெண்கள் அந்த முகாமில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சலேத்மேரி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“போனை வை, கிளாடிஸ்.”

“பேசிக்கிட்டிருக்காவக்கா.”

“அது பேசும். நீ வை. நான் சொல்லுததைக் கேளு.” தொண்டையைச் செருமினாள். “பத்து வள்ளந்தான் கரை சேந்துச்சு.”

கிளாடிஸின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. அவள் மடியில் கிடந்த போன், “ஏ, லைன்ல இருக்கியா?” என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவள் போனைப் பார்த்தாள், சலேத்மேரியைப் பார்த்தாள். எல்லாம் விளங்கச் சிறிதுநேரம் ஆயிற்று.

“இது மெசினுதான?” என்றாள். “அப்ப அன்னைக்குக் கரையில வச்சு, வந்துட்டாவன்னு சொன்னியே… அதுவும் மெசினு சொல்லித் தந்ததாக்கா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள், ஊரும் நம்பியிருக்கும். அந்த இயந்திரத்தின் தலையில் இன்னும் ஒரு பொய்யைக் கட்டினால் அதற்கென்ன கனக்கவா போகிறது?

“இல்ல,” என்றாள் சலேத்மேரி. “அது நான்தான்.”